துருக்கி ஆஸ்பத்திரித் தாளில் இதயச் சொற்கள்: ‘சொல் கருன்ஜுக்’ என்றால் என்ன?

இரவுப்பறவை:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் அத்தானும் துருக்கியில் இஸ்மிர் நகரத்தில் இருக்கிறார்கள். போன வாரம் அத்தானுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஸ்டென்ட் வைத்து, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் நன்றாக இருக்கிறார், போனில் என்னையே கிண்டல் செய்கிறார். சிக்கல் எனக்குத்தான். அவருக்கு என்ன ஆயிற்று, என்ன செய்தார்கள் என்று அப்பா அம்மாவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

கையில் இரண்டு இருக்கிறது. ஒன்று, ஆஸ்பத்திரி கொடுத்த 2 பக்கத் தாள், முழுக்கத் துருக்கியில். இன்னொன்று, டாக்டர் படம் வரைந்து விளக்கியபோது அக்கா காதில் விழுந்ததை விழுந்தபடி தமிழ் எழுத்தில் கிறுக்கி வைத்த குறிப்பு. அக்காவுக்குக் கடைத்தெருத் துருக்கி தெரியும், ஆஸ்பத்திரித் துருக்கி தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இல்லை. தாளில் ‘வென்ட்ரிகுல்’ என்று நாலு இடத்தில் வருகிறது, அக்கா குறிப்பில் அந்தச் சொல்லே கிடையாது. அக்கா குறிப்பில் ‘கருன்ஜுக்’, ‘குலக்ச்சுக்’ என்று வருகிறது, தாளில் அது இல்லை.

சரி, தாளைச் செயலியில் போட்டு ஆங்கிலமாக்கி, அங்கிருந்து தமிழாக்கலாம் என்று உட்கார்ந்தேன். தலைப்பே ‘எபிக்ரிஸ்’. அகராதியில் ‘க்ரிஸ்’ என்றால் நெருக்கடி. முதல் நெருக்கடி முடிந்து அடுத்த நெருக்கடியா என்று பயந்து, அங்கே ராத்திரி 1 மணிக்கு அக்காவை எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் தாளில் ‘அன்ஜினா’ என்று ஒன்று. அகராதியில் தேடினால் ‘அன்ஜின்’ என்பது தொண்டை அழற்சி என்கிறது. நெஞ்சு வலிக்குப் போனவருக்குத் தொண்டையில் என்ன?

அக்காவின் குறிப்பு இன்னும் மோசம். ‘சொல் கருன்ஜுக்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள். ‘சொல்’ என்பதைத் தமிழாகவே படித்துவிட்டு, யாரிடமோ கருன்ஜுக்கைப் பற்றிச் சொல்லச் சொல்கிறாள் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ‘தான்சியோன் 13க்கு 8’. 130க்கு 80 என்றால் புரியும், 13க்கு 8 என்ன கணக்கு? தாளில் ‘இ எஃப்’ என்று போட்டு, பக்கத்தில் சதவிகிதக் குறி முதலில், 45 பின்னால். ‘கன் சுலந்துருஜு’ என்று ஒரு மாத்திரை. அகராதி வைத்துப் பிரித்தால் ‘ரத்தத்தில் தண்ணீர் கலப்பது’ என்று வருகிறது. இதை அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

துருக்கி தெரிந்தவர்கள், மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது கை கொடுங்கள்.

அங்காரா_அஞ்சல்:

முதலில், கெச்மிஷ் ஒல்சுன். உங்கள் அக்கா இதை இந்த ஒரு வாரத்தில் நூறு பேர் வாயில் கேட்டிருப்பார். உடம்பு சரியில்லாதவரிடமும் அவர் வீட்டாரிடமும் சொல்வது, ‘கடந்துபோனதாக இருக்கட்டும்’ என்று அர்த்தம்.

நான் அங்காராவில் நோயாளிகளுக்குத் துணையாகப் போய் மொழிபெயர்க்கிற வேலை செய்கிறேன், 9 வருடமாக. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் எளிது. துருக்கியில் இதயத்துக்கு இரண்டு சொற்கோவை உண்டு. எழுதும்போது டாக்டர் லத்தீன், பிரெஞ்சுச் சரக்கை எழுதுவார். நோயாளியிடம் பேசும்போது பள்ளிக்கூடத்தில் படித்த துருக்கிச் சொல்லுக்கு மாறிவிடுவார். தாளில் இருக்கும் ‘வென்ட்ரிகுல்’தான் அக்கா குறிப்பில் இருக்கும் ‘கருன்ஜுக்’. தாளில் ‘அட்ரியும்’ என்று இருந்தால் அதுதான் ‘குலக்ச்சுக்’. இரண்டும் வேறு வேறு உறுப்பு இல்லை.

கருன் என்றால் வயிறு, கருன்ஜுக் குட்டி வயிறு. குலக் என்றால் காது, குலக்ச்சுக் குட்டிக் காது. சிரிக்காதீர்கள், ஆங்கிலத்தில் சொல்லும் வென்ட்ரிக்கிளும் லத்தீனில் குட்டி வயிறுதான், ஆரிக்கிளும் குட்டிக் காதுதான். ஆங்கிலேயர் லத்தீனை அப்படியே வைத்துக்கொண்டதால் வயிறும் காதும் கண்ணுக்குத் தெரிவதில்லை, துருக்கியர் பெயர்த்துவிட்டார்கள், தெரிகிறது. தமிழில் மேலறை, கீழறை என்று எழுதிவிடுங்கள், போதும்.

‘சொல்’ என்றால் இடது! ‘சொல் கருன்ஜுக்’ இடது கீழறை. வலதுக்கு ‘சா’. நானும் வந்த புதிதில் டாக்ஸிக்காரர் ‘சொல், சொல்’ என்றபோது எதைச் சொல்ல என்று முழித்தவன்தான்.

ஒரு எச்சரிக்கை. ‘கருன்ஜா’ என்றால் எறும்பு. ‘கருன்ஜலன்மா’ என்றால் கை கால் மரத்து, எறும்பு ஊர்வது மாதிரி இருப்பது. நெஞ்சு வலியோடு வந்தவர்களிடம் கையில் அது இருக்கிறதா என்று கேட்பார்கள். அக்கா குறிப்பில் எங்காவது அது இருந்தால் அதைக் கீழறையோடு சேர்த்துக் குழப்பிவிடாதீர்கள்.

எபிக்ரிஸ் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி. அவ்வளவுதான். எல்லா நோய்க்கும், குடல்வால் ஆபரேஷனுக்கும்கூட அதுதான் தலைப்பு. நெருக்கடியே வேறு, அது ‘கல்ப் க்ரீஸி’, மாரடைப்பு. தாளில் அதையே ‘மியோகார்ட் என்ஃபார்க்துஸு’ என்று எழுதியிருப்பார்கள். பேச்சில் ‘கல்ப் க்ரீஸி கெச்சிர்தி’ என்பார்கள். கெச்சிர்மெக் என்றால் கடக்கச் செய்வது, அதாவது மாரடைப்பு வந்து அதைத் தாண்டினார். செயலி இதை ஒரு தரம் ‘மாரடைப்பைக் கடத்தினார்’ என்று கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன், ஏதோ கள்ளக்கடத்தல் மாதிரி.

தான்சியோன் என்றால் ரத்த அழுத்தம், 13க்கு 8 என்பது 130க்கு 80 தான். பாதரசத்தை இங்கே மக்கள் சென்டிமீட்டரில் சொல்வார்கள், நீங்கள் மில்லிமீட்டரில் சொல்கிறீர்கள். மேலே இருப்பது ‘பெரிய தான்சியோன்’, கீழே இருப்பது ‘சின்ன தான்சியோன்’. சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். ஆனால் தாளில் 130க்கு 80 என்று மில்லிமீட்டரிலேயே இருக்கலாம், இரண்டையும் பார்த்து அழுத்தம் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இந்தத் தான்சியோன் நம் ஆட்களை வேறு விதத்திலும் கவிழ்க்கும். ‘தான்சியோனுனுஸ் வார் மு’ என்று டாக்டர் கேட்டால், நம்மவர் ‘ஆமா டாக்டர், வேலையில ஒரே டென்ஷன்’ என்று ஆரம்பிப்பார். அவர் கேட்டது பிரஷர் உண்டா என்று. மன அழுத்தத்துக்கு இங்கே ‘ஸ்த்ரெஸ்’. ஒருவர் இப்படி ஆமாம் போட்டுவிட்டு, ரத்த அழுத்த மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்றும் சொல்ல, டாக்டர் அவரைத் திட்டித் தீர்த்தார், நான் உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டியதாகிவிட்டது.

குட்டிப்புலி:

துருக்கி சீரியல் பார்த்துக் கற்றவன் என்ற முறையில் என் பங்கு: கல்ப் என்றால் இதயம், ஆனால் கள்ளப்பணத்துக்கும் ‘கல்ப் பாரா’ என்றுதான் பெயர், கள்ள நோட்டு அடிப்பவன் ‘கல்பஸான்’. காதல் வசனத்தில் கவனம் தேவை.

வார்டு_நர்ஸ்:

இதயப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், துருக்கி தெரியாது, ஆனால் இந்தக் கேள்வியில் பாதி ஆங்கிலப் பிரச்சினை, அதனால் எழுதுகிறேன்.

ஹார்ட் அட்டாக், கார்டியாக் அரெஸ்ட், ஹார்ட் ஃபெய்லியர், மூன்றும் வேறு வேறு. வீட்டாருக்கு எழுதும்போது இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். முதலாவது, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. மாரடைப்பு. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார், வலிக்கிறது என்பார். இரண்டாவது, இதயம் ரத்தத்தைத் தள்ளுவதையே நிறுத்திவிடுவது, ஆள் சரிந்துவிடுவார், உடனே நெஞ்சை அழுத்த வேண்டும். மூன்றாவதில் இதயம் நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உடம்புக்குத் தேவையான அளவுக்குத் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். அந்த நிலையோடு வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஃபெய்லியர்’ என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே அழ ஆரம்பிப்பதை வாரம் ஒரு தடவையாவது பார்க்கிறேன், தமிழில் ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதினால் அதைவிடப் பெரிதாக அழுகிறார்கள். துருக்கியில் இதற்கெல்லாம் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர் சொல்லுங்கள்.

அன்ஜினா தொண்டை இல்லை, நெஞ்சு இறுக்கம். இதயத்துக்கு ரத்தம் போதாமல் நடுநெஞ்சில் பிழிவது, அழுத்துவது. அகராதி ஏன் தொண்டைக்குப் போனது என்பது எனக்கும் புதிர்.

இ எஃப் 45 பற்றிக் கேட்டீர்கள். இடது கீழறை நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயம்கூட நூறும் தள்ளாது, 55லிருந்து 70 வரைதான். ஆக 45 என்றால் ‘இதயம் பாதிகூட வேலை செய்யவில்லை’ என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவு. மாரடைப்பு வந்த புதிதில் குறைந்து, பிறகு தேறுவதும் உண்டு. அத்தான் விஷயத்தில் எப்படி என்று அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்தத் ‘தண்ணீர் கலக்கும்’ மாத்திரை விஷயம். ஆங்கிலத்தில் ‘பிளட் தின்னர்’ என்கிறோமே, அதுவும் அதே பொய்தான். எந்த மாத்திரையும் ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. உறைவதைத் தடுக்கிறது, அவ்வளவு. அதிலும் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்ப்பவை ஒரு வகை, உறைய வைக்கும் புரதங்களைத் தடுப்பவை இன்னொரு வகை. வீட்டுப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஸ்டென்ட் வைத்தவருக்கு முதல் வகை கட்டாயம் இருக்கும், சிலருக்கு இரண்டு மாத்திரைகூட. அதனால் தமிழில் எழுதும்போது ‘ரத்தம் உறையாமல் இருக்க’ என்று எழுதி, டப்பாவில் இருக்கும் மருந்தின் பெயரையும் அப்படியே பக்கத்தில் எழுதுங்கள். பல் பிடுங்கப் போனாலும் அந்தப் பெயரைத்தான் கேட்பார்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தடியான எழுத்தில்.

அங்காரா_அஞ்சலுக்கு ஒரு சின்னத் திருத்தம். இப்போதைய ஆங்கில மருத்துவத்தில் மேலறை ஏட்ரியம்தான். ஆரிக்கிள் என்றால் அந்த அறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நிஜமாகவே காது மடல் மாதிரி இருக்கும் சின்னப் பையை மட்டும் குறிக்கும். குலக்ச்சுக்கை யாராவது ஆரிக்கிள் என்று ஆங்கிலப்படுத்தி டாக்டரிடம் கொடுத்தால் அவர் வேறு இடத்தைப் பார்ப்பார்.

அங்காரா_அஞ்சல்:

திருத்தத்துக்கு நன்றி, ஒப்புக்கொள்கிறேன். பள்ளிப் புத்தகத்தில் இங்கே குலக்ச்சுக் என்றால் முழு அறையும்தான்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் இங்கே பெயர் தெளிவாக இருக்கிறது. மாரடைப்பு ‘கல்ப் க்ரீஸி’. இதயம் நிற்பது ‘கல்ப் துர்மாசு’, துர்மாக் என்றால் நிற்பது, வேறு அர்த்தத்துக்கே இடமில்லை. மூன்றாவது ‘கல்ப் யெத்மெஸ்லீ’. யெத்மெக் என்றால் போதுவது, யெத்மெஸ் என்றால் போதாது. ஆக ‘இதயப் போதாமை’. அடுக்களையில் உப்பு போதாது என்பதற்கும் அதே வினைதான். எனக்கு ஆங்கிலத்தைவிட இது பிடிக்கும், நோயாளி அழாமல் உட்கார்ந்து கேட்பார்.

இதைத்தான் இரவுப்பறவைக்கும் சொல்ல வந்தேன். ஆங்கிலம் வழியாகச் சுற்றாதீர்கள். துருக்கியிலிருந்து நேராகத் தமிழுக்கு வாருங்கள். வினை கடைசியில் வருவது, வேரோடு ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போவது எல்லாம் நமக்குப் பழகின வேலை. கல்ப்-இம்-தெ என்றால் இதயம்-என்-இல், என் இதயத்தில். ‘ஆரும் வார்’ என்றால் வலி இருக்கிறது. ஆங்கிலக்காரர் வலியை வைத்திருக்கிறார், நமக்கும் துருக்கியருக்கும் அது இருக்கிறது. தலைசுற்றல் அவர்களுக்கு ‘பாஷ் தொன்மெஸி’, பாஷ் தலை, தொன்மெ சுற்றுதல், அச்சு அசலாக நம் சொல். சர்க்கரை நோய்க்கு ‘ஷெகெர்’, சர்க்கரையேதான். பிரஷர் இருக்கு என்று நாம் சொன்னால் கூடியிருக்கு என்று அர்த்தம் இல்லையா, ‘தான்சியோனும் வார்’ என்றாலும் அதேதான். அந்தச் சதவிகிதக் குறிகூட அப்படித்தான். ‘யுஸ்தெ’ என்றால் நூறில், யுஸ் நூறு, தெ ‘இல்’. நூறில் 45 என்று படிப்பதால் குறி முன்னால் வருகிறது.

ஒலிக்கும் ஒரு குறிப்பு. துருக்கியில் புள்ளி இல்லாத ஒரு ‘இ’ எழுத்து உண்டு, வெளிநாட்டுக்காரர் எல்லாருக்கும் அது தொண்டையில் சிக்கும். நமக்குச் சிக்காது. காது, பாட்டு என்று முடிக்கிறோமே, வாய் குவியாத அந்தக் குற்றியலுகரம்தான் அது. உங்கள் அக்கா ‘கருன்ஜுக்’ என்று உகரம் போட்டு எழுதியது சரியான காது.

இன்னும் சில, அக்கா குறிப்பில் எப்படியும் வந்திருக்கும்: ‘தமார்’ ரத்தக்குழாய். ‘அதார்தமார்’ தமனி, அதார் என்றால் துடிக்கும், எறியும். ‘தொப்லார்தமார்’ சிரை, தொப்லார் என்றால் திரட்டும். இதயம் எறிகிறது, சிரை திரட்டிக்கொண்டு வருகிறது, படிக்கிற பிள்ளைக்கு இதற்கு மேல் பாடம் வேண்டாம். ‘கபாக்’ வால்வு, பாத்திரத்து மூடிக்கும் அதுதான் பெயர். ‘தர்லுக்’ குறுகல், ரத்தக்குழாய்க்கும் வால்வுக்கும் வரும், மூச்சுக்கும் வரும், ‘நெஃபெஸ் தர்லூ’ என்றால் மூச்சுத்திணறல். ‘சார்புந்து’ படபடப்பு. ‘புஹ்து’ ரத்தக்கட்டி. ‘கல்ப் பிலி’ பேஸ்மேக்கர், பில் என்றால் பேட்டரி, டார்ச்சில் போடுகிற அதே பில்.

ஒரு பொறி இருக்கிறது, அக்காவிடம் சொல்லிவையுங்கள். ‘கோயுஸ்’ என்றால் நெஞ்சு. ஆஸ்பத்திரியில் ‘கோயுஸ் ஹஸ்தலுக்லரு’, நெஞ்சு நோய்கள், என்று பலகை இருக்கும். இதயம் நெஞ்சில்தானே இருக்கிறது என்று அங்கே போய் வரிசையில் நின்றால் போச்சு. அது நுரையீரல் பிரிவு. இதயத்துக்குக் ‘கார்தியோலோஜி’. ‘கல்ப் வெ தமார் ஜெர்ராஹிஸி’ என்றால் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு, அதுவும் வேறு வாசல். அவசரம் என்றால் பலகையே பார்க்க வேண்டாம், ‘ஆஜில்’ என்று சொன்னால் போதும், வீட்டிலிருந்து கூப்பிட 112.

சொல்வேட்டை:

தொண்டைப் புதிருக்கு விடை என்னிடம் இருக்கிறது. லத்தீனில் அன்ஜினா என்றால் முதலில் தொண்டை நோய்தான், மூச்சை நெரிக்கும் வீக்கம். 1768ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டென் நெஞ்சை நெரிக்கும் வலியை விவரித்தபோது, நெஞ்சைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து ‘அன்ஜினா பெக்டோரிஸ்’ என்றார். ஆங்கிலத்தில் நாளடைவில் வாலை வெட்டிவிட்டு வெறும் அன்ஜினா என்றாலே நெஞ்சுவலி என்று ஆகிவிட்டது. பிரெஞ்சில் பழைய தொண்டையே நிலைத்தது. துருக்கி பிரெஞ்சிடம் வாங்கியது, அதனால் ‘அன்ஜின்’ தொண்டை, பின்னால் ஒரு ‘ஆ’ சேர்ந்தால் நெஞ்சு. ஒரு நெடிலில் ஆள் காது-மூக்கு-தொண்டைக்குப் போவாரா இதயப் பிரிவுக்குப் போவாரா என்பது முடிவாகிறது.

பிரெஞ்சு எப்படி வந்தது என்றால், இஸ்தான்புல்லின் கலதசராயில் 1839ல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் திறந்த மருத்துவப் பள்ளியில் பாடமே பிரெஞ்சில் நடந்தது. 1870ல்தான் துருக்கிக்கு மாறினார்கள். அந்த 30 வருடத்துக் கடன் இன்னும் தீரவில்லை. தான்சியோன், க்ரிஸ், என்ஃபார்க்துஸ், பில் எல்லாம் அந்த வாசல் வழியாக வந்த சொற்கள். அதற்கு முந்தின அடுக்கு அரபி: கல்ப், நாடிக்கு ‘நபுஸ்’, ஆஜில். தமனிக்கும் சிரைக்கும் ‘ஷிர்யான்’, ‘வெரித்’ என்று அரபிப் பெயர்தான் இருந்தது. 1928ல் அரபி எழுத்திலிருந்து லத்தீன் எழுத்துக்கு மாற்றம், 1932ல் துருக்கி மொழிக் கழகம், அதன் பிறகுதான் அதார்தமார், தொப்லார்தமார் மாதிரியான சொற்கள் அரபியின் இடத்துக்கு வந்தன. ஆக இரவுப்பறவை, உங்கள் அக்கா கிறுக்கியது துருக்கி அடுக்கு, உங்கள் கையில் இருக்கும் தாள் பிரெஞ்சு-லத்தீன் அடுக்கு.

மாரடைப்புக்கு வருவோம். ஆங்கிலம் தாக்குதல் என்கிறது, துருக்கி நெருக்கடி என்கிறது, இரண்டிலும் உள்ளே என்ன நடந்தது என்று இல்லை. தமிழ் நேராக அடைப்பு என்கிறது. ‘இன்ஃபார்க்ட்’ என்ற சொல்லின் லத்தீன் வேர்கூடத் திணித்து அடைப்பது என்பதுதான். தாளில் இருக்கும் பெரிய சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பது நம் வீட்டுச் சொல். ஆனால் நெஞ்செரிச்சலில் துருக்கியர் நம்மை முந்திவிட்டார்கள். ஆங்கிலம் அதற்கு ‘ஹார்ட்பர்ன்’ என்று இதயத்தின் மேல் பழி போடுகிறது, நாம் நெஞ்சின் மேல் போடுகிறோம், அவர்கள் ‘மிதெ யன்மாசு’, வயிறு எரிவது என்கிறார்கள். அமிலம் அங்கிருந்துதான் ஏறுகிறது.

கொரோனரி என்ற சொல்லில் இதயத்துக்கான லத்தீன் ‘கோர்’ இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள், கிடையாது. கொரோனா, கிரீடம். இதயத்தைச் சுற்றிக் கிரீடம் வைத்த மாதிரி ஓடுவதால்.

குட்டிப்புலி, உங்கள் சீரியல் காதலுக்கு: அங்கே வருவது பெரும்பாலும் ‘கொனுல்’ ஆக இருக்கும், மனசு மாதிரி, அதற்கு ஸ்டென்ட் வைக்க முடியாது. ‘யுரெக்’ என்பதுதான் இதயத்துக்குப் பழைய துருக்கிச் சொல், இப்போது துணிச்சல் பக்கம் சாய்ந்துவிட்டது, யுரெக்லி என்றால் தைரியசாலி. டாக்டர் வாயில் யுரெக் வராது.

அங்காரா_அஞ்சல்:

டாக்டர் வாயில் வராது, நோயாளி வாயில் நிறைய வரும். வயதானவர்கள் ‘யுரெயிம் சுகுஷுயோர்’ என்பார்கள், நெஞ்சு பிசைகிறது என்று நாம் சொல்கிற மாதிரி. அது கவலையாகவும் இருக்கலாம், உண்மையிலேயே இதயமாகவும் இருக்கலாம். நான் அதை ஒருபோதும் ‘மனசு சரியில்லை’ என்று பெயர்ப்பதில்லை, சொன்னதைச் சொன்னபடி டாக்டரிடம் கொடுத்துவிடுவேன். அதேபோல ‘பயுல்தும்’ என்றால் மயங்கி விழுந்தேன், ஆனால் ரொம்பப் பிடித்திருந்தது என்பதற்கும் அதே சொல். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடாதீர்கள்.

இரவுப்பறவை:

என்னவென்று நன்றி சொல்வது. ராத்திரி உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். அப்பாவுக்கு எழுதியதில் கொஞ்சம் இங்கே போடுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்:

‘இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் அடைப்பு வந்தது. மாரடைப்பு. இதயம் நிற்கவில்லை. அடைபட்ட இடத்தில் ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள். இடது கீழறை கொஞ்சம் பலம் குறைந்து வேலை செய்கிறது, வழக்கமாக 55க்கு மேல் இருக்க வேண்டியது 45 இருக்கிறது. ரத்த அழுத்தம் 130க்கு 80. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, நிறுத்தக் கூடாது.’

‘சொல்’ கதையை அக்காவிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்து அவளுக்குச் சார்புந்து வந்துவிட்டது.

மருந்துச் சீட்டில் ‘2 பெருக்கல் 1’ என்று இருப்பது ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஒவ்வொன்று, சரிதானே? ‘தோக் கர்னுனா’ என்று பக்கத்தில் இருக்கிறது, கர்னுனா என்றதும் மறுபடியும் கீழறையா என்று ஒரு நிமிடம் திடுக்கிட்டேன்.

அப்புறம் கடைசி வரி ஒன்று. ‘1 ஆய் சொன்ரா கொன்த்ரோல்’. ஆய் மாதம், சொன்ரா பிறகு, கொன்த்ரோல் கட்டுப்பாடு. அதனால் ‘ஒரு மாதம் கழித்துச் சாப்பாட்டில் கட்டுப்பாடு’ என்று எழுதி அத்தானுக்கும் ஒரு படி அனுப்பிவிட்டேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

அங்காரா_அஞ்சல்:

2 பெருக்கல் 1 சரி. தோக் கர்னுனா, நிறைந்த வயிற்றில், சாப்பிட்ட பிறகு. வெறும் வயிறு ‘அச் கர்னுனா’. இது நிஜ வயிறு, கவலை வேண்டாம்.

கொன்த்ரோல் என்றால் மறுபரிசோதனை!! ஒரு மாதம் கழித்து டாக்டரை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும், கார்தியோலோஜிக்கு. சாப்பாட்டுக் கட்டுப்பாடு இன்றைக்கே, அதை டாக்டர் வாயாலேயே சொல்லியிருப்பார். உடனே போன் போடுங்கள்.

இரவுப்பறவை:

போட்டுவிட்டேன். முதலில் அனுப்பிய மொழிபெயர்ப்புதான் சரியாக இருந்தது என்கிறார்.